சொல்லால் பட்ட காயத்துக்கு இஎம்டிஆரா, சிபிடியா?

கை ஓங்காமல் வார்த்தையாலேயே ஒருவரை நொறுக்கிவிடலாம். அப்படிப்பட்ட உறவிலிருந்து வெளியே வந்தபின்னும் போன் அதிர்ந்தாலே நெஞ்சு படபடக்கும்.

அமெரிக்காவில் உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ 1987இல் தொடங்கிய, கண்ணசைவின் துணையோடு வலிக்கும் நினைவைக் கையாளும் மனநல சிகிச்சையான இஎம்டிஆரில், "நீ எதுக்கும் லாயக்கில்ல" என்று கேட்ட நொடியை மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் அசைய, கண்கள் பின்தொடரும். சற்று நேரத்தில் நிறுத்தி, "இப்போ என்ன தோணுது?" என்பார். நடந்ததை விலாவாரியாகச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுப்பாடமும் இல்லை. சொல்லிச் சொல்லிக் களைத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சையான சிபிடியில் பேச வேண்டும், எழுத வேண்டும், 'தப்பு என்னுடையதுதான்' என்ற எண்ணத்தை நேருக்கு நேர் கேள்வி கேட்க வேண்டும்.

அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தத்துக்கு 2013இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையுமே பரிந்துரைத்தது. பேச வாய் வராதவர்களுக்கு நான் இஎம்டிஆரையே முதலில் சொல்வேன். இன்னும் அந்த வீட்டிலேயே இருப்பவர்களுக்கு முதலில் தேவை பாதுகாப்பான இடம்.