ஐந்தாண்டு என்றால் ஐந்தாண்டு: போஸ்ட்கிரெஸ் ஆதரவுக் கொள்கை

தரவுத்தள மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர்கள் வேகத்தையும் வசதிகளையும் ஒப்பிடுகிறார்கள். பழைய பதிப்புகளுக்கான ஆதரவு எந்த நாளில் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் விசாரிப்பதில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களைப் பராமரித்து வரும் நான், அதன் ஆதரவுக் கொள்கையையே முதலில் பாராட்டுவேன்.

ஒவ்வொரு பெரும்பதிப்பும் (12, 13 என முழு எண்ணால் குறிக்கப்படுவது) வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பராமரிக்கப்படும். அதன்பின் ஒரு கடைசித் திருத்த வெளியீட்டோடு விடைபெறும். வழக்கமான திருத்தங்கள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் இரண்டாம் வியாழக்கிழமையை ஒட்டித் திட்டமிடப்படுவதால், 2020 செப்டம்பரில் வெளியான 13ஆம் பதிப்பை அன்றே நிறுவியவர்கூட அதன் ஆயுள் 2025 நவம்பரில் முடியும் என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ள முடிந்தது. இதற்கு மாறாக, பைதான் நிரல்மொழியின் 2.7 பதிப்பைப் பயன்படுத்தியவர்களுக்கு 2015 என்று சொல்லப்பட்ட ஆதரவு முடிவு, 2014இல் 2020க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அது பலருக்குக் கைகொடுத்தது உண்மைதான். ஆனால் முதலில் சொன்ன தேதியை நம்பி நிரல்களை மாற்றத் தொடங்கியவர்களின் மேலாளர்களுக்கு, வேலையை ஒத்திப்போட அதுவே காரணமாகவும் அமையக்கூடியது.

ஒரு பாதுகாப்புக் குறைபாடு தெரியவந்தால், அதற்கான திருத்தத்தை ஆதரவிலுள்ள ஐந்து பதிப்புகளிலும் தனித்தனியே பொருத்திச் சோதிக்க வேண்டும் என்பதை நினைத்தால், ஐந்தாண்டு எல்லை கஞ்சத்தனமாகத் தோன்றாது.

2024 நவம்பர் 14 அன்று 12ஆம் பதிப்பின் இறுதித் திருத்தமாக 12.21 வெளியானது. அந்த வெளியீட்டுத் தொகுதியில் புகுந்த பிழைகளால் சில எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதி தரும் இணைப்பு நிரல்கள்) பாதிக்கப்படும் நிலை வந்தபோது, காலக்கெடு முடிந்துவிட்டதென்று ஒதுங்காமல், ஒரே வாரத்தில் 12.22ஐயும் வெளியிட்டார்கள். கடைசியாகக் கையில் கொடுத்த பொருள் பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்ற இந்த அக்கறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

குறையும் உண்டு. பெரும்பதிப்பு மாறும்போது தரவுக் கோப்புகளின் அமைப்பும் மாறக்கூடும் என்பதால், பதிப்பை உயர்த்தும் பிஜி_அப்கிரேடு கருவியை இயக்கவோ, தரவை முழுவதும் வெளியெடுத்து மீண்டும் ஏற்றவோ வேண்டியிருக்கிறது. 17 வரையிலான பதிப்புகளுக்கு மாறுபவர்கள், ஒவ்வொரு வினவலையும் எப்படி இயக்குவது என்று தரவுத்தளம் திட்டமிட உதவும் புள்ளிவிவரங்களை அனலைஸ் கட்டளையால் மீண்டும் திரட்ட வேண்டும். பெரிய தரவுத்தளங்களில் அது முடியும்வரை வினவல்கள் தடுமாறும். 2025இல் வந்த 18ஆம் பதிப்பு அந்தப் புள்ளிவிவரங்களில் பெரும்பகுதியை, பிஜி_அப்கிரேடு வழியே மாறும்போது, தானே எடுத்துச்செல்கிறது. இன்னும் 13இலேயே இருப்பவர்கள் இடைப்பட்ட பதிப்புகளில் நிற்காமல் நேரே 18க்குத் தாவலாம். கருவி அதை அனுமதிக்கிறது.