டேப்லெட்டா, ஸ்மார்ட் போர்டா, காலை அரைமணி நேரமா? ஈராசிரியர் பள்ளியில் எது நிற்கும்

எங்கள் பள்ளியில் படித்து இப்போது ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் பணம் சேர்த்து, "ஏதாவது டிஜிட்டலா வாங்கிக்குங்க டீச்சர், எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்கள். பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் நான்கு டேப்லெட் வாங்கலாம் என்றார், இன்னொருவர் பெரிய தொடுதிரை வாங்கலாம் என்றார். கடைசியில் நாங்கள் வாங்கியது சுமாரான ஒரு செல்போன், ஒரு பிரிண்டர், நிறைய கெட்டி அட்டை. மீதிப் பணம் வகுப்பறைச் சுவருக்குப் போனது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஏன் இப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் யோசித்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன்.

முதலில் பெரிய திரை. அதன் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடலைப் பார்த்திராத பிள்ளைக்குக் கடலையும், இதயம் துடிப்பதையும், நிலா தேய்வதையும் திரையில் காட்டுவதுபோல் வாயால் சொல்லிவிட முடியாது. பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் அரசின் இணையப் பாடத் தளமான தீக்‌ஷாவில் காணொளி வருகிறது, கல்வித் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் இருக்கின்றன, பொருளுக்குப் பஞ்சமில்லை. அதோடு அரசே தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை கொடுத்து வருகிறது, எப்படியும் வரப்போகும் ஒன்றுக்கு முன்னாள் மாணவர்களின் பணத்தைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று, படம் ஓடும்போது வகுப்பு அமைதியாக இருக்கும். அந்த அமைதியைக் கற்றல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. படத்தை நிறுத்திவிட்டு "இப்ப என்ன பார்த்தோம்?" என்று கேட்டால் பதில் சொல்வது எப்போதும் சொல்லும் அதே மூன்று பேர்தான்.

அடுத்தது டேப்லெட்டும் அதில் ஆடும் வினாடி வினாவும். கஹூட் பெயர் நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். நார்வேக்காரர்கள் 2013இல் கொண்டுவந்தது, திரையில் கேள்வி வரும், பிள்ளைகள் தங்கள் கையில் இருக்கும் கருவியில் நிறத்தைத் தொட்டுப் பதில் சொல்வார்கள், இசை ஓடும், முடிவில் யார் முதலிடம் என்று காட்டும். உற்சாகத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் வேகமாகத் தொடுகிறவருக்குக் கூடுதல் புள்ளி. எழுத்துக்கூட்டிப் படிக்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளை கேள்வியைப் படித்து முடிக்கும் முன்னால் மற்றவன் தொட்டிருப்பான். குழுவாக ஆடலாம்தான். ஆனால் நான்கு டேப், ஏழெட்டுப் பேர் கொண்ட நான்கு குழு என்று வைத்தால் ஒவ்வொரு குழுவிலும் டேப் ஒரே ஒரு கையில்தான் இருக்கும், அது யார் கை என்று ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரீட் அலாங் செயலியை மட்டும் இந்த வரிசையில் சேர்த்துத் தள்ளிவிட மாட்டேன். கூகுள் 2019இல் போலோ என்ற பெயரில் இந்தியாவில் வெளியிட்டு, பிறகு பெயர் மாறியது. பிள்ளை சத்தமாக வாசிக்க வாசிக்க அது கேட்டுத் திருத்தும், தமிழிலும் உண்டு, கதைகளை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். வீட்டில் சாயங்காலம் அப்பா போன் கைக்கு வரும் பிள்ளைக்கு நல்ல துணை. வகுப்பறையில், பக்கத்தில் இருபது பேர் பேசிக்கொண்டிருக்கும்போது, மைக் திணறுகிறது. தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசும் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளின் உச்சரிப்பை அது எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதை அங்கே வேலை பார்ப்பவர்கள்தான் சொல்ல வேண்டும், என் வகுப்பில் அப்படிப் பிள்ளைகள் குறைவு.

விலை, உடையும் கண்ணாடி, சார்ஜ் போடும் பிளக், மழைக்காலத்து மின்தடை என்று ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டு போகலாம். எங்கள் முடிவைத் தீர்மானித்தது அவை எதுவும் இல்லை. ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோது அது ஓடுமா? இந்த ஒரு கேள்விதான்.

ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்காதவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. என் அறையில் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து பிள்ளைகள் வகுப்புவாரியாக மட்டும் இல்லாமல் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் (மேல் நிலை) என்று நிலைவாரியாகவும் பிரிகிறார்கள். நான் அரும்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழுத்தைத் தடவிக் காட்டிக்கொண்டிருக்கும் அந்த இருபது நிமிடம் மலர்ப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இதுதான் என் நாளின் கணக்கு. பக்கத்து அறையில் சார் நான்கையும் ஐந்தையும் வைத்துக்கொண்டு இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார். எங்களில் ஒருவர் வட்டார வள மையத்தில் பயிற்சி என்று போய்விட்டால் மீதமிருப்பவர் கையில் ஐந்து வகுப்பும். அன்றைக்குத் திரை இருந்தாலும் அதைப் போட, நிறுத்த, கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும். டேப் கொடுத்தால் செயலி நின்றுவிட்டது, சத்தம் வரவில்லை, அவன் தள்ளுகிறான் என்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை "டீச்சர்!" வரும். கருவி எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு என்னை அதன் பக்கத்திலேயே கட்டிப்போடுகிறது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் பள்ளியில் அந்த வசதி கட்டுப்படியாகாது.

ஆசிரியர்களை வேறு பள்ளிக்கு மாற்றும் மாறுதல் கலந்தாய்வையும் சேர்த்துப் பாருங்கள். டேப்பில் எல்லாம் அமைத்து வைத்த ஆசிரியர் அரூருக்கோ ஊத்தங்கரைக்கோ மாறிப் போனால் கடவுச்சொல்லோடு ஆர்வமும் போய்விடும், டேப் பீரோவுக்குள் போய்விடும். பிள்ளைகள் கையில் இருக்கும் பழக்கத்தை எந்த மாறுதலும் எடுத்துப் போகாது, அடுத்து வரும் ஆசிரியருக்கு அதைக் கற்றுக்கொடுப்பதே பிள்ளைகள்தான்.

சரி, நாங்கள் செய்வது என்ன? புதிதாக ஒன்றுமில்லை. 2007-08இல் மாநிலம் முழுக்க, பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது வகுப்பறைக்குள் வந்த சுய வருகைப் பதிவு, காலநிலை அட்டவணை, தங்கள் சுத்தத்தைத் தாங்களே பார்த்துக் குறிக்கும் ஆரோக்கியச் சக்கரம், பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, இவற்றைத்தான் தூசி தட்டி எடுத்தோம். பல பள்ளிகளில் அந்தக் கரும்பலகை இன்னும் சுவரில் இருக்கிறது, மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள். 2023 ஆகஸ்ட் முதல் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்ததால் பிள்ளைகள் மணி அடிக்கும் முன்பே வந்து சாப்பிட்டுவிடுகிறார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் தொடங்கும் அந்த அரைமணி நேரம் முழுக்க அவர்களுடையது.

அவரவர் பெயர் அட்டையை 'வீடு' பையிலிருந்து எடுத்து 'பள்ளி' பையில் போடுவார்கள். வாரத் தலைவர் வந்தவர்களை எண்ணுவார், இரண்டாம் வகுப்புப் பிள்ளை மொத்தத்தில் கழித்து வராதவர் எத்தனை என்று பலகையில் எழுதும். யார் வரவில்லை, ஏன் என்பதும் அங்கேயே வந்துவிடும்: "அவங்க அப்பாகூட பெங்களூர் போயிருக்கான் டீச்சர், கட்டட வேலைக்கு." புளி தட்டும் மாதங்களில் இந்தக் கழித்தல் கொஞ்சம் பெரிதாகும், அப்போது யார் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும் என்று கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸைத் திறக்கும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

அடுத்து ஒரு பிள்ளை வராந்தாவுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து அட்டவணையின் முள்ளைத் திருப்ப வேண்டும். வெயில், மேகம், மழை, காற்று என்று நான்கு படம்தான் வைத்திருந்தோம். மார்கழியில் ஒரு நாள் எதிரே இருக்கும் குன்றே தெரியாத அளவுக்குப் பனி. போன பெண் வந்து முள்ளைத் தொடாமல் நின்றாள். "மேகம்னு வைடி" என்றான் ஒருவன். "மேகம் மேலதானே இருக்கும், இது கீழ இருக்கு" என்றாள். விவாதம் பெரிதாகி, கடைசியில் அவர்களே ஐந்தாவதாக ஒரு படம் வரைந்து ஒட்டினார்கள்: வெள்ளைத் தாளில் பாதி அழித்த ஒரு குன்று. நான் அந்த நேரம் முழுக்க அரும்புப் பிள்ளைகளோடு இருந்தேன்.

மூன்றாவது, இன்றைய கேள்வி. முந்தின நாள் சாயங்காலம் பலகையில் எழுதிவிட்டுப் போவேன். அதிகம் ஓடியது "மண்டியில் இன்றைக்கு ஒரு கிரேடு (பெட்டி) தக்காளி என்ன விலை?" இந்தப் பக்கத்தில் தக்காளி போடாத வீடு குறைவு, எல்லோரும் விசாரித்துக்கொண்டு வருவார்கள், வீட்டுக்கு வீடு விலை வேறாக இருக்கும், எது சரி என்று சண்டை, அப்புறம் எல்லாவற்றையும் கட்டம் போட்டு உயரம் உயரமாக வரைவார்கள். ஒரு வாரம் விலை சரிந்தபோது மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பலகையைப் பார்த்துக்கொண்டே "டீச்சர், திங்கக்கிழமைக்கு இன்னைக்குப் பாதிதான்" என்றான். பாதி என்ற பாடத்துக்கு நான் இன்னும் வந்திருக்கவே இல்லை.

இதற்கும் பராமரிப்பு உண்டு. கேள்வி மாறாமல் இருந்தால் இரண்டே வாரத்தில் மந்திரம் ஓதுவதுபோல் ஆகிவிடும், தலைவர் முறை வைத்து மாறவில்லை என்றால் சத்தமாகப் பேசும் பிள்ளையே நிரந்தரத் தலைவராகிவிடும். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் ஆசிரியர் கூடவே நின்று பழக்க வேண்டும், அந்தக் காலத்தில் பாடம் பின்னால் போவதுபோலத்தான் இருக்கும். ஆனால் தினம் வேண்டியது சாயங்காலம் ஐந்து நிமிடமும் கிழிந்த அட்டைக்கு ஒரு துண்டு ஒட்டுநாடாவும்தான்.

அப்படியானால் செல்போன் எதற்கு? பிளிக்கர்ஸ் என்ற வினாடி வினா செயலிக்கு. டிஜிட்டல் கருவிகளில் எங்கள் பள்ளிக்குப் பொருந்தியது இது ஒன்றுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் கறுப்பு வடிவம் அச்சடித்த ஓர் அட்டை, ஒவ்வொன்றும் வேறு வேறு. நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடியாக இருக்கும். தான் நினைக்கும் விடை மேலே வருமாறு பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடிக்கும், நான் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினால் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு மட்டும் தெரியும். பிள்ளைக்குக் கருவி தேவையில்லை. வேகத்துக்குப் புள்ளி இல்லை. பக்கத்தில் இருப்பவர் அட்டையைப் பார்த்தும் விடை கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் வடிவம் ஒவ்வொருவருக்கும் வேறு. வாயே திறக்காத பிள்ளைகள் சரியான விடையைத் தூக்கிப் பிடிப்பதை இதில்தான் பார்த்தேன். திரைக்குப் பதில் சொன்ன அதே மூன்று பேரைத் தாண்டி வகுப்பு முழுக்க என்ன நினைக்கிறது என்று தெரிய எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

செய்து பார்ப்பவர்களுக்கு இரண்டு விஷயம். அட்டையைப் பளபளப்பாக லேமினேட் செய்யாதீர்கள், வெளிச்சம் பட்டு மின்னினால் கேமரா படிக்காது. கெட்டி அட்டையில் ஒட்டினாலே போதும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பொடி ஆங்கில எழுத்து பிடிபடாது, அட்டையின் பின்பக்கம் நான்கு ஓரத்திலும் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று ஸ்கெட்ச் பேனாவால் பட்டை போட்டு, விடைகளையும் அதே நிறத்தில் பலகையில் எழுதினால் ஒன்றாம் வகுப்பும் சேர்ந்துகொள்ளும். பாடம் முடியும் நேரத்தில் மூன்று நான்கு கேள்வி, அவ்வளவுதான்.

நான் சொல்வது முப்பது நாற்பது பிள்ளைகள் உள்ள கிராமத்துப் பள்ளிக்கு. ஓசூர் நகருக்குள் ஒரே வகுப்பில் ஐம்பது பேர், வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று இருந்தால் ஆசிரியர் திரை பக்கத்திலேயே நிற்கலாம், அங்கே கணக்கு மாறும். அவ்வளவு பெரிய வகுப்பில் காலை வேலைகளைப் பிள்ளைகளிடம் விட்டால் எப்படி நடக்கும் என்பதை நான் செய்து பார்த்ததில்லை. நான்கு, ஐந்தாம் வகுப்புக்குத் தேடிப் படிக்க ஒரு டேப் இருந்தால் நல்லதுதான் என்று சார் சொல்கிறார், அதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அடுத்த முறை பணம் வந்தால் ஒரே ஒரு டேப், அதுவும் ஐந்தாம் வகுப்பின் பொறுப்பில், என்று பேசி வைத்திருக்கிறோம். அதுவரைக்கும் ஜூனில் தொடங்க நினைப்பவர்கள் பெயர் அட்டையையும் இன்றைய கேள்வியையும் மட்டும் முதலில் எடுங்கள், மற்றதெல்லாம் ஆகஸ்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.