தலசீமியா பிள்ளைகளின் பெற்றோருக்கு வட்ஸ்அப் குழு: எவ்வளவு உதவும்?

தலசீமியா ஓர் இரத்த நோய். அது கடுமையாக உள்ள பிள்ளைக்கு மூன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். கிளினிக் நாளில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் தாய்க்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) "தொத்துமோ?" என்ற பேச்சு வேறு. பரம்பரையாக வரும் நோய், தொத்தவே தொத்தாது. ஆனாலும் அந்தப் பேச்சுத்தான் ஆளைத் தனியாக்கிவிடுகிறது.

இங்கே வட்ஸ்அப்பின் குரல் பதிவு உண்மையிலேயே கைகொடுக்கிறது. மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். கொழுந்து நிறுக்க நிற்கும்போதே பேசலாம். எழுத்துத் தெரியாதவருக்கும் தடையில்லை. சிக்னல் இல்லாத மலையில் பேசியது, ரோட்டுக்கு ஏறியதும் தானாகப் போகும். இரத்தம் ஏற்றுவதால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றும் டெஸ்பெரல் மருந்தின் பம்ப் 8 முதல் 12 மணித்தியாலம் ஓடும் இரவில், அதே பம்ப்போடு விழித்திருக்கும் இன்னொரு தாயின் குரலைவிட வேறென்ன ஆறுதல்?

குறை, போன் நம்பர் எல்லோருக்கும் தெரிவது. காலை வணக்கப் படங்கள் குவிந்தால் அவசரக் கேள்வி மூழ்கிவிடும்; பத்துப் பன்னிரண்டு குடும்பம் போதும். மருந்தளவைக் குழுவில் கேட்கவே வேண்டாம், அது பிள்ளையின் நிறையைப் பொறுத்தது. காய்ச்சல் என்றால் பம்ப்பைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழுவுக்குப் பிறகு சொல்லலாம்.