ஆடிக் காற்றில் காலர் மைக்: தோட்டத்து வீடியோவுக்கு நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

மஞ்சள் வெந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? அறுவடை முடிந்து மஞ்சள் வேகவைக்கும் நாட்களில் ஈரோட்டுப் பக்கத் தோட்டங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி இது. நுரை தள்ளி, வாசனை ஏறி, ஈர்க்குச்சி தடையில்லாமல் இறங்கினால் பதம். பத்துப் பேருக்குப் போனில் சொல்லியும் பிடிபடாத இந்தப் பக்குவம் இருபது நொடி வீடியோவில் பிடிபட்டுவிடும். கொங்கில் தோட்டக்காரரும் தறிக்காரரும் போனைத் தூக்கிப் படமெடுக்க முதல் காரணம் இதுதான், வருமானமெல்லாம் அதற்கு அப்புறம்.

போன், மைக், ஸ்டாண்டு மூன்றையும் வெயிலிலும் புழுதியிலும் வைத்து வேலை வாங்கினால் முதலில் கெடுவது ஒலி. படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள். பேச்சு கேட்காவிட்டால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து உடுமலை, பல்லடம் காற்றாலைகளைச் சுற்றும் தென்மேற்குக் காற்றுக்கு, மைக்கோடு வரும் ஸ்பாஞ்சு உறை பத்தாது. நீள முடி வைத்த கம்பளி உறை கட்டாயம் வேண்டும். அதைப் போட்டும் பேசுபவர் காற்றுக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். காற்றிரைச்சல் ஒருமுறை பேச்சோடு கலந்துவிட்டால், எடிட்டிங்கில் அதை நீக்கும்போது குரலின் கனமும் சேர்ந்து போய்விடும்.

மைக்கைத் தாடைக்குக் கீழே ஒரு சாண் தள்ளிக் குத்துங்கள். பாலியஸ்டர் சட்டையும் தாலிக்கொடியும் உரசினால் ‘சரசர’ என்று பதிவாகும், பருத்தித் துணி நல்லது. ஒயர் மைக் வாங்கினால் சொருகும் பின்னைப் பாருங்கள்: மூன்று கறுப்பு வளையம் இருந்தால் போனுக்கு, இரண்டு என்றால் கேமராவுக்கு. கேமரா மைக்கை நேராகப் போனில் சொருகிவிட்டு ஒலி வரவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் அதிகம். வயர்லெஸ் மைக் வசதிதான். ஆனால் பேசுபவர் திரும்பி நின்று உடம்பு நடுவில் மறைத்தால் சிக்னல் விட்டுவிட்டு வரும். தறிக் குடோனுக்குள் எந்த மைக்கும் முழுதாக உதவாது. தறி ஓடுவதைத் தனியாக எடுத்து, விளக்கத்தை வெளியில் பேசி ஒட்டுவதே வழி.

மாலைக்கு மேல் கட்டுத்தரையில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் கோடு கோடாக ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கேமரா செட்டிங்கில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் சரியாகும். 4கே என்னும் மிகக் கூர்மையான பதிவு தேவையில்லை, அதற்குக் கீழே உள்ள 1080பி போதும். எச்.264 என்னும் வீடியோ சுருக்கும் முறையில் 1080பி நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி பிடிக்கும், 4கே என்றால் கிட்டத்தட்ட 350. சித்திரை வெயிலில் போன் சூடேறிப் பதிவு நின்றுவிடுவதும் 4கே வைத்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். போன் கவரைக் கழற்றிவிட்டு, இரண்டு நிமிடத் துண்டுகளாக எடுங்கள். சார்ஜ் துளையில் செம்மண் தங்கினால் போனை அணைத்துவிட்டுப் பல்குத்தும் மரக்குச்சியால் எடுக்கலாம், ஊசி வேண்டாம்.

காசு விஷயம். யூடியூப் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அந்த மணி நேரக் கணக்குக்குப் பதிலாக, 90 நாளில் ஷார்ட்ஸ் என்னும் குட்டி வீடியோக்களுக்கு 1 கோடிப் பார்வை இருந்தாலும் போதும். நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் எடுத்தவருக்கு. வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்கும் ரகசிய எண் (PIN) தபாலில் வரும், 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். தோட்டத்துச் சாளை (தோட்டத்திலேயே இருக்கும் வீடு) முகவரிக்குத் தபால் தவறிப்போக வாய்ப்பு உண்டு, ஊருக்குள் இருக்கும் வீட்டு முகவரியைக் கொடுங்கள். வள்ளி கும்மி ஆட்டத்தைப் படமெடுக்கும்போது பின்னால் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடியிருந்தால், அந்த வீடியோவின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போய்விடலாம்.

சந்தை விலையோ மாட்டு விலையோ சொல்லும் வீடியோ வருடங்கள் கழித்தும் யார் கண்ணிலாவது படும். பார்த்துவிட்டு அதே விலையை நம்பி ஒருவர் சரக்கையோ மாட்டையோ வண்டியில் ஏற்றிவிடக்கூடும். அதனால் தேதி, ஊர், ரகம் மூன்றையும் முதல் பத்து நொடிக்குள் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.