முன் சக்கர வாக்கர்: இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட ஒருவரின் கருத்து

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து நான் நடை பழகியது மடக்கு அலுமினிய வாக்கரில்தான். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் இரண்டு ரப்பர் புஷ். அந்த வேலைக்கு இதுவே சரி என்பேன்.

சக்கரமே இல்லாததை அடிக்கு அடி தூக்கி வைக்க வேண்டும், தூக்கும் நேரத்தில் ஊன்ற எதுவும் இருக்காது, நடையும் விட்டு விட்டுத்தான் வரும். இதில் லேசாகத் தள்ளி, ஆபரேஷன் செய்த காலை வைத்து, பாரத்தைக் கைகளில் இறக்கி, அப்புறம் நல்ல காலைக் கொண்டுவந்தால் போதும். பாரம் விழுந்ததும் பின்பக்க ரப்பர் தரையைப் பிடித்துக்கொள்கிறது. நான்கு சக்கரம், சீட், பிரேக் எல்லாம் வைத்த மாடல் கடையில் ஜோராகத்தான் தெரியும், ஆனால் சாய்ந்தால் முன்னால் ஓடிவிடும், ஆரம்பத்தில் அது வேண்டாம்.

உயரம் முக்கியம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். அதைப் பிடிக்கும்போது முழங்கை 15 முதல் 20 டிகிரி மடங்கும். தாழ்வாக வைத்தால் கூன் போட்டுத்தான் நடப்பீர்கள்.

குறை என்றால் திரும்புவதுதான். சக்கரம் நேராக மட்டுமே உருளும், அவசரத்தில் ஆபரேஷன் செய்த காலை ஊன்றியபடி உடம்பைத் திருப்பத் தோன்றும், அது கூடவே கூடாது. சின்னச் சின்ன அடியாகச் சுற்றி வாருங்கள். அகலமும் தொல்லை, பாத்ரூம் கதவை அளந்துவிட்டு வாங்குங்கள். என்னுடையதில் சக்கரத்தை உட்பக்கமாக மாற்றி மாட்ட முடிந்ததால் தப்பித்தேன். இரண்டு கையும் மாட்டிக்கொள்வதால் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட எடுத்து வர முடியாது (இந்த எரிச்சலை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை), லேசான பை ஒன்றைத் தொங்கவிட்டுக்கொள்ளலாம்.

எழுந்திருக்கும்போது வாக்கரைப் பிடித்து இழுக்காதீர்கள், கவிழ்ந்துவிடும். நாற்காலியின் கையை அழுத்தி எழுந்த பிறகே அதைப் பிடிக்க வேண்டும். கூட வந்த காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, மடக்குவது எப்படி என்று மட்டும் பெரிய படம். படிக்கட்டுக்கும் இது ஆகாது.

நடை தேறியதும் பிசியோதெரபிஸ்ட் கைத்தடிக்கு மாற்றிவிடுவார், தடியை ஆபரேஷன் ஆன பக்கத்துக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். அதனால் வாக்கர் வாடகைக்குக் கிடைத்தால் அதுவே போதும், எடுக்கும்போது ரப்பர் புஷ்ஷைத் திருப்பிப் பாருங்கள், வழவழவென்று தேய்ந்திருந்தால் புதிது மாட்டித் தரச் சொல்லுங்கள்.