பாறையைத் தேடிப் போவதா, பாறையைக் காப்பதா?

நிலவியலில் முதுகலை முடித்தவர் முன் இரண்டு வழிகள் உண்டு: இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் களப்பணி, அல்லது அருங்காட்சியகத்தில் நிலவியல் காப்பாட்சியர் பணி. இரண்டுக்கும் வேர் 1851தான். அந்த ஆண்டில் ஆய்வுத் துறை தொடங்கியது. சென்னை அருங்காட்சியகமும் பிறந்தது, அதுவும் நிலவியல் மாதிரிகளை முதலாகக் கொண்டு.

களப்பணிக்கு யுபிஎஸ்சி தேர்வு நடத்துகிறது. வெயிலைத் தாங்கும் உடல் வேண்டும். காப்பாட்சியர் பணியிடமோ அரிது; இருப்பவர் ஓய்வு பெற்றால்தான் பெரும்பாலும் காலியாகும். வேலை உறுதிக்கு முதல் வழியே மேல்.

ஆனால் காப்பாட்சியர் வேலை தூசி தட்டுவது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இரும்புச் சல்பைடு கலந்த புதைபடிவம் ஈரக்காற்றில் கந்தக அமிலத்தை உண்டாக்கித் தன்னைத் தானே தின்றுவிடும். அருகிலுள்ள பெயர்ச்சீட்டையும் அரித்துவிடும். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி அதைத் தடுப்பவர் அவர். எடுத்த இடம் குறித்த சீட்டு தொலைந்தால், அந்தக் கல் ஆய்வுக்கு ஏறக்குறையப் பயனற்றது. பல்லாவரத்துக் கல்லுக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயர் வந்தது, கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் அதே வகை என்பதால். பெயர் சூட்டியவர் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட். அந்தக் கல்லையே ஒரு பள்ளிச் சிறுமியின் கையில் கொடுத்து இந்தக் கதையைச் சொல்ல வேறு எந்த வேலையில் வாய்க்கும்?

மலையேறும் ஆசை உள்ளவர் களத்துக்குப் போகட்டும். பொறுமையும் பேசிப் புரியவைக்கும் விருப்பமும் உள்ளவர் காப்பாட்சியர் பணிக்குக் காத்திருக்கலாம். அதுவரை அருங்காட்சியகவியலும் படித்துவைக்கட்டும்.