ப்ராசஸிங்குக்கு ஒரு லைப்ரரி: வெளியிட்ட பிறகு தெரிந்தவை

படத்திலிருந்து முக்கிய வண்ணங்களைப் பிரித்துத் தரும் சின்ன லைப்ரரி (மற்றவர்கள் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் கோடு, அதாவது நிரல் வரிகளின் தொகுப்பு) ஒன்றை, படம், அனிமேஷன் போன்றவற்றை நிரலாக எழுத உதவும் ஜாவா சார்ந்த மென்பொருளான ப்ராசஸிங்குக்காக எழுதி வெளியிட்டு, சில வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். ஜாவா தெரிந்தால் கோடு பகுதி பெரிய வேலை இல்லை. லைப்ரரி எத்தனை நாள் ஓடும் என்பது அதைப் பொட்டலம் கட்டும் விதத்தில்தான் இருக்கிறது.

ஃபோல்டர் அமைப்பில் ப்ராசஸிங் கறார். ப்ராசஸிங் நிரல்களை ஸ்கெட்ச் என்பார்கள், அவை சேமிக்கப்படும் ஃபோல்டர் ஸ்கெட்ச்புக். அதில் 'லைப்ரரீஸ்' ஃபோல்டருக்குள் நம் லைப்ரரியின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் 'லைப்ரரி' என்ற ஃபோல்டர், அதற்குள் கம்பைல் செய்த ஜாவா கோடு அடங்கிய ஜார் ஃபைல். வெளி ஃபோல்டரின் பெயரும் ஜாரின் பெயரும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். ஆனால் பயன்படுத்துபவருக்கு ஒரே கிளிக்கில் வேலை முடிவதற்கு இந்தக் கறார்தான் காரணம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ரெஜிஸ்டர்மெத்தட், அதாவது நம் லைப்ரரியின் மெத்தடை (ஒரு வேலையைச் செய்யும் கோடு பகுதி) ஸ்கெட்ச் தானாக அழைக்கும்படி பதிவு செய்யும் வசதி. லைப்ரரியின் கன்ஸ்ட்ரக்டருக்கு (முதலில் ஓடும் பகுதி) 'திஸ்', அதாவது அதைப் பயன்படுத்தும் ஸ்கெட்ச், வந்ததும் 'ப்ரீ', 'ட்ரா', 'டிஸ்போஸ்' போன்றவற்றில் எது வேண்டுமோ அதைப் பதிவு செய்தால் போதும், அதற்குரிய நேரத்தில் நம் மெத்தட் தானாக அழைக்கப்படும்: ப்ரீ, ட்ரா ஒவ்வொரு ஃப்ரேமிலும், டிஸ்போஸ் ஸ்கெட்ச் மூடும்போது. 'ட்ரா' என்று பதிவு செய்தால் ஸ்கெட்சின் ட்ரா முடிந்த பிறகு, அதன் மேலேயே வரையலாம். 'போஸ்ட்' அதற்கும் பிறகு வருவது, அங்கே வரையக் கூடாது. மெத்தடை பப்ளிக் ஆக்காமல் விட்டால், அப்படி ஒரு பப்ளிக் மெத்தட் இல்லை என்று பளிச்சென்று சொல்லிவிட்டு ஸ்கெட்ச் நின்றுவிடும். இந்த அளவுக்குத் தெளிவான எரர் மற்ற இடங்களில் கிடைப்பதில்லை.

அடுத்தது லைப்ரரி.ப்ராப்பர்ட்டீஸ் என்ற டெக்ஸ்ட் ஃபைல். இதில் வெர்ஷன் என்பது முழு எண் மட்டும். 1.0.1 என்று மனிதருக்குக் காட்டுவது ப்ரெட்டிவெர்ஷன். அப்டேட் இருக்கிறதா என்று பார்க்க ப்ராசஸிங் அந்த முழு எண்ணைத்தான் ஒப்பிடும். அதை ஏற்றாமல் புதிய ஸிப் போட்டால் அப்டேட் பட்டன் யாருக்கும் வராது. லைப்ரரிக்குத் தேவையான குறைந்தபட்ச ப்ராசஸிங் பதிப்பைச் சொல்லும் மின்ரிவிஷன் இன்னும் விநோதம்: அங்கே 3.5.4 என்றோ 4.3 என்றோ எழுத முடியாது, உள் எண்ணான 270, 1293 என்றுதான் கொடுக்க வேண்டும். மேக்ஸ்ரிவிஷன் 0 என்றால் மேல் வரம்பு இல்லை.

பராமரிப்பில் அதிக நேரம் தின்றது ஜாவா மாற்றம். ப்ராசஸிங் 3 ஓடுவது ஜாவா 8-இல், 2022-இல் வந்த 4 ஓடுவது ஜாவா 17-இல். 17-க்கு கம்பைல் செய்த ஜார் பழைய 3-இல் திறக்கவே திறக்காது. கல்லூரி லேப்களில் இன்னும் 3 இருப்பதால் நான் ஜாவா 8-க்கே கம்பைல் செய்கிறேன், இரண்டிலும் ஓடுகிறது. லைப்ரரி எழுதத் தொடங்க முன்பு எக்லிப்ஸ் என்ற எடிட்டருக்கான டெம்ப்ளேட்தான் வழி, இப்போது கிரேடில் என்ற பில்ட் கருவிக்கான டெம்ப்ளேட் வந்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர் தயங்காமல் அதையே எடுக்கலாம்.

டாக்குமென்டேஷனைவிட எக்ஸாம்பிள்ஸ் ஃபோல்டருக்குத்தான் உழைக்க வேண்டும். என்னிடம் கேள்வி கேட்பவர்களில் பெரும்பாலோர் ஜாவாடாக் (கோடிலிருந்து உருவாகும் விளக்கக் குறிப்பு) பக்கத்தைத் திறந்ததே இல்லை. எக்ஸாம்பிள் ஸ்கெட்சை ஓட்டி, அதிலேயே வரிகளை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

சரி, எல்லோருக்கும் இது தேவையா? ஒரே ஒரு ஸ்கெட்சுக்கு என்றால் அந்த ஸ்கெட்சிலேயே கூடுதலாக ஒரு ஜாவா டேபே (தனி கோடு ஃபைல்) போதும். அதே கோடை ஸ்கெட்சுக்கு ஸ்கெட்ச் காப்பி அடிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் லைப்ரரியாக மாற்றிவிடுங்கள்.